ஆதியம்மாள் சுவருக்கு அப்பால் பார்த்தது

இல்லை, ஆதியம்மாள் வேவு பார்க்கப் போகவே இல்லை. அவள் போனது மீன் விற்க. இருபத்திரண்டு வருஷமாக எந்த வாசலுக்குப் போனாளோ அதே வாசலுக்குத்தான் அன்றைக்கும் போனாள். கூடையைச் சாக்காக வைத்துக்கொண்டு உளவுக்குப் போனாள் என்று குழாயடியில் கதை கட்டுகிறவர்கள், கல்பாக்கம் குடியிருப்புக்கு ஒரு நடை போய், ஜெசிந்தா வீட்டுப் பின்கதவு இன்றைக்கும் அவளுக்குத் திறக்கிறதா இல்லையா என்று பார்த்துவிட்டு வந்து பேசட்டும். அவள் தப்பே செய்யவில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. செய்தாள். ஆனால் ஊர் சொல்கிற தப்பு வேறு, அவள் செய்த தப்பு வேறு.

சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைக்குத் தெற்கே இரண்டாவது தெருவில் அவள் வீடு. புருஷன் இருசப்பன் கடலுக்குப் போகிறவன். விடிந்ததும் கரையில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் அடுக்கி, சும்மாடு வைத்துத் தூக்கினாளென்றால் குடியிருப்பில் பதினான்கு வீடு முடித்துவிட்டுத்தான் இறக்குவாள்.

சாயந்திரம் அந்தக் கூடைக்கு வேறு வேலை இருந்தது. ஊர்ப் பையன்கள் பந்து ஆடும்போது கோல் கம்பத்துக்குப் பின்னால் அதைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். ஒரு ஆட்டம் விட்டதில்லை. ஒருமுறை நடுவர் ஆப்சைடு என்று ஊதிவிட்டார். "யோவ், அவன் நின்ன எடத்துக்கு நேராதான் நான் குந்திகினு கீறேன். எனக்குத் தெரியாதா, உனக்குத் தெரியுமா?" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள்ளேயே போய்விட்டாள். அவள் அண்ணன் மகன் வசந்த்தான் அணித்தலைவன். அவன் கையெடுத்துக் கும்பிட்டு அவளை வெளியே கூட்டி வந்தான்.

பந்தாட்டத்தில் அப்படி வாய் விடுகிறவள், மீன் விற்கிற வாசலில் வேறு ஆள். பின்கட்டில் உட்கார்ந்து மீன் அரிகிறவளுக்கு வீட்டின் எல்லாமே கண்ணில் படும். யார் யாரோடு பேசுவதில்லை, யார் பிள்ளைக்கு வேலை போனது, யார் வெள்ளிக்கிழமை மீன் தின்கிறார்கள். எதுவும் அடுத்த வாசலுக்குப் போனதில்லை. ஜெசிந்தாவுக்குப் பக்கத்து வீட்டு ஷபானா டீச்சர் சும்மா இருக்க மாட்டாமல், "ஜெசிந்தா வீட்ல இன்னிக்கு என்ன வாங்கினாங்க?" என்று கேட்பார். "மீனுதாம்மா" என்பாள் ஆதியம்மாள். டீச்சருக்கே சிரிப்பு வந்துவிடும். அந்த வாயை நம்பித்தான் பதினான்கு வீட்டுக்காரர்களும் அவளைப் பின்கதவு வழியாக உள்ளே விட்டார்கள்.

இந்தப் பொங்கலுக்கு நடந்த போட்டியில் இறுதி ஆட்டம் ஊர் அணிக்கும் குடியிருப்பு அணிக்கும் என்று ஆயிற்று. ஜெசிந்தா நாகர்கோவில்காரி. அவள் மகன் மோசஸ், ஆறடி உயரம், குடியிருப்பு அணியில் கோல் போடுகிறவன். அவர்கள் வீட்டுப் பின்கட்டுச் சுவர் இடுப்பளவுதான். அதற்கு அந்தப் பக்கம் குடியிருப்பு அணி பயிற்சி எடுக்கிற திடல். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே ஆதியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். கார்னர் அடிக்கப் போகிறார்கள். மோசஸ் தனியாக ஓரத்தில் குனிந்து ஷூ கயிறு கட்டுகிறான். மற்றவர்கள் எல்லோரும் கோல் கம்பத்துப் பக்கம் ஓடுகிறார்கள். பந்து வருவதோ மோசஸிடம். கயிறும் அவிழவில்லை, ஒன்றும் இல்லை. நிமிர்ந்தான், அடித்தான், கோல்.

பந்துப் பைத்தியம் பிடித்தவளுக்கு அதைப் பார்த்துவிட்டுக் கை ஓடுமா? மறுநாளும் அந்த வீட்டில் நிதானமாக மீன் அரிந்தாள். மூன்றாம் நாள் கரையில் வசந்த்தைப் பிடித்தாள்.

"நைனா, கார்னர் வந்தா அந்த நெட்டையன உடாத. கயிறு கட்ற மாதிரி குனிவான். பந்து அவனாண்டதான் வரும்."

"கண்ணால பாத்தியா அத்த?"

"பாத்துகினுதான கீறேன் ரெண்டு நாளா. ஏழு கோல் போட்டுட்டான்."

சொல்லும்போது ஒரு வீட்டுச் சேதியைச் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வீடு என்பது சுவர் வரைக்கும்தான், சுவருக்கு அந்தப் பக்கம் திடல்தானே என்று நினைத்துவிட்டாள். அவள் செய்த தப்பு அதுதான்.

ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது கார்னர் வந்தது. மோசஸ் குனிந்தான். வசந்த் போய் அவன் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, "கயிறு அவுந்துகிச்சா அண்ணாத்த? மெதுவா கட்டு, அவசரம் இல்ல" என்றான். பந்து வந்தது. வசந்த் எடுத்துக்கொண்டு ஓடினான். ஒன்றுக்குப் பூஜ்யம்.

அதோடு விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கோப்பை வாங்கிய சந்தோஷத்தில் மைக்கைப் பிடித்து, "இந்த ஜெயிப்பு எங்க ஆதி அத்தைக்கு. அவங்க பாத்து சொல்லலன்னா கப்பு இல்ல" என்று சொல்லித் தொலைத்தான். ஜெசிந்தா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் டீக்கடையில் பஞ்சாயத்து. வலை பழுது பார்க்கிற தீனதயாளன், ஊர் அணிக்காகத் தொண்டை கட்டக் கத்துகிறவன், அவனே எதிர்க்கட்சியில் நின்றான்.

"மச்சான், அது திருட்டு கப்பு. திருப்பிக் குடுத்துடணும்."

"இன்னாடா திருட்டு?" என்றான் இருசப்பன். "கிரவுண்டுக்குக் கூரையா போட்டு வச்சிகீறாங்க? காக்கா பாக்குது, நாய் பாக்குது. என் பொண்டாட்டி பாக்கக் கூடாதா?"

"காக்கா வந்து வசந்த்தாண்ட சொல்லிச்சா?"

கடையே சிரித்தது. இருசப்பன் விடவில்லை. "பெரிய பெரிய கோச்சே எதிராளி ஆட்டத்த வீடியோ போட்டுப் பாக்கறான்."

"அது ஆடி முடிச்ச ஆட்டம். இது ஆடப் போற ஆட்டம்."

"சரி, கடல்ல பக்கத்து போட்டுக்காரன் எங்க வலை உடறான்னு நீ பாக்கறது இல்லையா?"

"பாப்பேன். நல்லா பாப்பேன். ஆனா அவன் வூட்டுக்குப் போயி, அவன் குடுத்த டீயக் குடிச்சிட்டு, அவன் ஜிபிஎஸ்ஸத் தொறந்து மீன் கீற எடத்த எடுத்துகினு வர மாட்டேன். உன் பொண்டாட்டி ரோட்ல நின்னா பாத்தா?"

இருசப்பன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டான்.

வீட்டில் அதைச் சொன்னபோது ஆதியம்மாள் சிரித்தாள். "அவன் வலை மாதிரியே அவன் பேச்சும் ஓட்டை" என்றாள். மறுநாள் கூடையோடு ஜெசிந்தா வீட்டுக்குப் போகிற வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு.

வழக்கம்போல் பின்பக்கம் திரும்பினாள். கதவு சாத்தியிருந்தது. ஜெசிந்தா முன்வாசல் கேட்டுக்கு வந்தாள். முகத்தில் கோபம் இல்லை. "இங்கேயே குடுத்துருங்கக்கா. நானே அரிஞ்சிக்கறேன்" என்றாள். அவ்வளவுதான். மற்ற பதின்மூன்று வீட்டிலும் எப்போதும்போல மீன் வாங்கினார்கள். ஆனால் ஷபானா டீச்சர், பக்கத்து வீட்டில் என்ன வாங்கினார்கள் என்று அன்றைக்குக் கேட்கவில்லை.

ஆதியம்மாள் திரும்பி வந்து கூடையைக் கவிழ்த்தாள். மூன்று நாள் எடுக்கவில்லை.

குழாயடிக்கு அது வசதியாகப் போயிற்று. மூஞ்சியைக் காட்ட முடியாமல் உள்ளேயே கிடக்கிறாள் என்றார்கள். வெட்கத்தில் கிடந்தாளா, யோசனையில் கிடந்தாளா என்று யார் எட்டிப் பார்த்தது? இருசப்பன்தான் பக்கத்தில் உட்கார்ந்து பேஜார் பண்ணிக்கொண்டிருந்தான். "ஒண்ணு பண்ணு. நம்ம பசங்க ஆட்டத்தையும் போயி அவங்களாண்ட சொல்லிடு. சரிக்குச் சரியாப் பூடும்."

"ஒரு வாட்டி சொன்னதுக்கே கதவு சாத்திச்சு. இன்னொரு வாட்டி சொல்ல சொல்றியா? வாய மூடினு சோறு துன்னு."

மூன்றாம் நாள் சாயந்திரம் வசந்த்துக்கு ஆள் அனுப்பினாள். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"ஞாயித்துக்கிழமை நீங்க ப்ராக்டிஸ் எடுக்கசொல்லோ குடியிருப்பு பசங்க வந்து பாக்கட்டும். நேரா, நாற்காலி போட்டு குந்தினு பாக்கட்டும்."

"அத்த, அடுத்த மாசம் அவங்களோடவே மேட்ச்சு கீது. நம்ம ஆட்டம் பூரா தெரிஞ்சிடும்."

"தெரியட்டும். புதுசா ஒண்ணு கத்துக்க. கத்துக்க முடியலன்னா தோத்துப் போ. நான் கூடைய போட்டு குந்தினு கை தட்டறேன்."

"கப்பையும் குடுக்க சொல்லுவியா?"

"கப்பு நீ ஓடிப் போட்ட கோலு. அது இருக்கட்டும். நீ அந்தப் பையன நக்கல் பண்ண பாரு, அதுக்கு ஒரு வார்த்த சொல்லிடு."

மறுநாள் காலையில் கரைக்குப் போய் நெத்திலி எடுத்தாள். நாகர்கோவில்காரிக்கு நெத்திலி என்றால் உயிர். மணல் போக, தண்ணீர் தெளியும்வரை அலசிக் கழுவி, மேலே ஈரத்துணி போட்டு, சும்மாட்டை இறுக்கிச் சுற்றினாள். தலை சீவி, திருநீறு வைத்துக்கொண்டு, கதவை நன்றாக விரியத் திறந்து வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

குழாயடியில் நாலு பேர். "இன்னா ஆதி, இன்னிக்கு எந்த டீமுக்கு?" என்று ஒரு குரல் வந்தது.

"ரெண்டு டீமுக்கும்" என்றாள் அவள், நடையை நிறுத்தாமல். "முன்வாசல்ல நின்னு, எந்த வூட்ல குந்தி எதப் பாத்தேன்னு என் வாயால சொல்லப் போறேன். கேக்கணும்னா கூட வா. கொடம் அங்கியே இருக்கட்டும், யாரும் தூக்கினு போ மாட்டாங்க."

ஒருத்தியும் போகவில்லை. ஆதியம்மாள் தலையில் கூடையோடு கோட்டைச் சுவரை ஒட்டிக் கல்பாக்கம் பக்கம் நடந்தாள்.