மூஞ்சிப் பெட்டியும் மொபெட்டின் பின்சீட்டும்

விழாமல் நிற்கக் கற்றுக்கொடுப்பது என் தொழில். அதற்கு முதல் வேலையாக, வருகிறவர்களை நானே தலைசுற்ற வைக்க வேண்டும்.

நாமக்கல்லில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரின் கிளினிக்கில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். நம்மைச் சாயவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு சின்ன உறுப்பு காதுக்குள் உண்டு. வயதான காலத்தில் அது ஒரு பக்கம் சோம்பிவிட்டால் திரும்பினால் சுற்றும், குனிந்தால் சுற்றும். உங்கள் வீட்டிலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர் ஒருவர் இருந்தால் இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை. அவரைவிட நீங்கள்தான் அதிகம் பயந்துபோயிருப்பீர்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் டாக்டர் ஒரு வி.ஆர். பெட்டி வாங்கினார். முகத்தில் மாட்டிக்கொண்டால் கிளினிக் மறைந்து தெருவும் பூங்காவும் கடையும் கண்முன்னே வந்து அசையும். இடுப்பில் பட்டை கட்டி நான் பின்னால் பிடித்துக்கொள்ள, அவர்கள் அதற்குள் நடந்து, திரும்பி, சுற்றிச் சுற்றியே சுற்றலுக்குப் பழக வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்கள் அதற்கு வைத்த பெயர் மூஞ்சிப் பெட்டி.

பஸ்ஸும் பின்னால் மொபெட்டும்

பாவாயி அம்மாளுக்கு அறுபத்தாறு வயது. ஊர் மோகனூர். கணவர் குப்புசாமி, லாரி டிரைவராக இருந்து ஓய்ந்தவர். என்னிடம் வருவதற்கு எட்டு மாதம் முன்பு அவருடைய மொபெட்டில் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து போகும்போது, ஒரு வளைவில் வண்டி இடது பக்கம் திரும்ப, அம்மாளுக்குத் தலை சுற்றி அப்படியே சரிந்துவிட்டார். மணிக்கட்டு முறிந்து, பிறகு கூடியும்விட்டது. ஆனால் அன்றிலிருந்து குப்புசாமி அவரை வண்டியில் ஏற்றுவதில்லை. அம்மாளின் அக்கா இருப்பதோ பஸ் போகாத ஊர். அக்காவைப் பார்த்தும் எட்டு மாதம் ஆகியிருந்தது.

கிளினிக்குக்கு வருவதையும் சொல்ல வேண்டும். அம்மாள் டவுன் பஸ்ஸில் வருவார். குப்புசாமி அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே மொபெட்டில் வருவார். நீங்களும் பஸ்ஸிலேயே வரலாமே என்று கேட்டேன். இன்னொருவர் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்தால் அவருடைய கால் தன்னால் பிரேக்கைத் தேடுகிறதாம். என்ன சரியாக வேண்டும் என்று முதல் நாள் எல்லோரையும் கேட்பதுபோல் அம்மாளையும் கேட்டேன். நடக்க வேண்டும், குளிக்க வேண்டும் என்பார்கள். அவர் சொன்னது வேறு.

"எட்டு மாசமா இந்த மனுசனப் பஸ்சுச் சன்னல் வழியாவே பாத்துட்டு வாரேன் கண்ணு. அந்த வண்டிக்குப் பின்னால என்னய ஏத்தி உட்டுரு, போதும்."

டிரைவர் கிளீனரானது

பின்பக்கமாக நடப்பது ஒரு பயிற்சி. பெட்டிக்குள் ஒரு குறுகலான சந்து தெரியும். அதில் சுவரில் இடிக்காமல் பின்னோக்கி வர வேண்டும். நான் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூலையில் உட்கார்ந்திருந்த குப்புசாமிக்கு அது பொறுக்கவில்லை. எழுந்து வந்து மேசையைத் தட்டி, "வா, வா, வா, லெப்ட்ல ஒடி, நேராக்கு, வா வா" என்று ஆரம்பித்துவிட்டார். சொன்னால் நம்பமாட்டீர்கள், என் பேச்சுக்குத் தள்ளாடிய அம்மாள் அவர் பேச்சுக்கு நூல் பிடித்ததுபோல் பின்னால் வந்தார்.

டிரைவராக இருந்தவருக்குக் கிளீனர் வேலை இவ்வளவு சுத்தமாக வருகிறதே என்று வியந்தேன். பதில் பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

"கூட வந்த கிளீனருங்களையெல்லாம் முப்பது வருசமா வைஞ்சாரு கண்ணு, அவுங்க பட்ட பாடு இப்பவாச்சும் தெரியட்டும்."

ஓடினால் நிற்பவர்

நடுவில் இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன். ராசிபுரத்திலிருந்து ஒரு ஓய்வுபெற்ற கண்டக்டர் வந்தார். மெத்தென்ற பஞ்சுப் பாயில் நிற்க வைத்து, தெரு பக்கவாட்டில் ஓடுகிற மாதிரி காட்சியை ஓடவிட்டேன். மற்றவர்கள் பத்து விநாடியில் என் தோளைப் பிடிப்பார்கள். இவர் காலை அகட்டி, கையைக் கட்டிக்கொண்டு சிலைபோல் நின்றார். கடைவீதிக் காட்சி வந்ததும் கூட்டத்தைப் பார்த்து, "படியில நிக்காம உள்ள போங்க" என்று அதட்டல் வேறு. இவருக்கு எதற்கு வைத்தியம் என்று நினைத்துக் காட்சியை நிறுத்தினேன். நிறுத்திய அதே நொடியில் ஆள் சாய்ந்தார். பட்டையைப் பிடித்திருந்த நானும் கூடவே சாய்ந்தேன். இருவருமாகச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டோம்.

"நின்ன வண்டில நிக்கறதுக்கு எனக்கு எங்கீங்க பழக்கம்?"

ஆமாம், இல்லை

சுவரில் ஒரு எழுத்தை ஒட்டி, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டுவது ஒரு பயிற்சி. மேலும் கீழும் ஆட்டுவது இன்னொன்று. இடமும் வலமும் ஆட்டுவதில் பாவாயி அம்மாளுக்கு முதல் நாளே நல்ல தேர்ச்சி. மேலும் கீழும்தான் வரவில்லை. இரண்டையும் வீட்டில் தினமும் மூன்று வேளை செய்யுங்கள் என்றேன். குப்புசாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஏதோ உடம்பு விஷயம் என்று நினைத்துப் போனேன்.

"இல்லைன்னு ஆட்டறதுக்குப் பயிற்சியே வேண்டாமுங்க, ஆமான்னு ஆட்டறத மட்டும் ஆறு வேளையாப் போட்டுக் குடுங்க."

கல்லும் கணவரும்

ஆறு வாரம் ஆயிற்று. வலது பக்கம் திரும்புவதில் அம்மாள் இளவட்டம் மாதிரி ஆகிவிட்டார். இடது பக்கம் திரும்பினால் பழையபடியே கிறுகிறுப்பு. அவர் விழுந்ததே இடது வளைவில்தான். இது தேறாவிட்டால் பின்சீட்டும் இல்லை, அக்காவும் இல்லை. ராத்திரி படுத்தால் எனக்கு இதே யோசனை. சுற்றி நடக்கும் பயிற்சியில் அவருக்குப் பட்டை தேவைப்படாததால் நான் கணினியில் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பது வழக்கம்; ஒரு நாள் அதை விட்டுவிட்டு முழுதாக உட்கார்ந்து கவனித்தேன். பெட்டியில் ஒரு பூங்கா. நடுவில் பெரிய மரம். அதை இரண்டு பக்கமாகவும் பத்துப் பத்து முறை சுற்றச் சொல்லியிருந்தேன். அம்மாள் செருப்பைப் பாய்க்கு வெளியே கழற்றிவிட்டு, கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு, வலமாகவே இருபது சுற்றும் சுற்றினார். இத்தனை நாளும் அறை ஏசியில் குளிர்கிறதாக்கும் என்று நினைத்திருந்தேன்.

இடமாகச் சுற்றுங்கள் என்றதும் பெட்டியைக் கழற்றிவிட்டார். "மரத்தடில கல்லு இருக்குதே, நீ பாக்கலியா?" என்றார். மாட்டிப் பார்த்தேன். எந்த நாட்டுக்காரர் வரைந்தாரோ, மரத்தடியில் உருண்டையாக ஒரு கல் இருக்கத்தான் இருந்தது. வீட்டுப் பயிற்சி எங்கே செய்கிறீர்கள் என்று கேட்டேன். பிள்ளையார் இருக்கும் அரசமரத்தைச் சுற்றியாம். ஆறு வாரமாகப் பாதி வைத்தியம்தான் நடந்திருக்கிறது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது.

மரம் வேண்டாம், ஒரு நாற்காலியைச் சுற்றலாம் என்றேன். அம்மாள் கொஞ்சம் யோசித்து, குப்புசாமியை எழுப்பிக் கொண்டுவந்து அந்த நாற்காலியில் உட்கார வைத்து, இடமாகச் சுற்றத் தொடங்கினார்.

"சாமியத்தான் எடமாச் சுத்தப்படாது கண்ணு, இவரச் சுத்துனா ஒரு பாவமும் இல்ல."

பாரம்

இரண்டு மாதம் அந்த மனிதரை இடமாகச் சுற்றியே அம்மாள் தேறிவிட்டார். எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டு, இனி வண்டியில் கூட்டிப் போகலாம் என்று குப்புசாமியிடம் சொன்னேன். பின்டயரில் காற்றில்லை என்றார். அடுத்த முறை மழை வருகிறமாதிரி இருக்கிறது என்றார். அதற்கடுத்த முறை சீட்டு மெத்தை மாற்ற வேண்டும் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்களுக்கும் காதைப் பார்த்துவிடலாம் என்று அவர் முகத்தில் பெட்டியை மாட்டி, வளைந்து செல்லும் சாலையை ஓடவிட்டேன்.

முதல் வளைவு வந்ததும் அவர் கால் தரையில் பிரேக்கைத் தேடி மிதித்தது. கையால் துழாவி மேசையைப் பிடித்துக்கொண்டார். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பின்னால் பார்த்தார். நான் அவசரமாகப் பெட்டியைக் கழற்றினேன். அவருடைய காதில் ஒரு கோளாறும் இல்லை. கௌகாத்தி வரை லோடு ஏற்றிப்போன மனிதர் முகத்தைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தே பேசினார். நான் கோபப்பட்டதற்காக அன்று முழுக்க எனக்கு மனசு சரியில்லை.

"அவ உழுந்தது எனக்குத் தெரியவே இல்லைங்க சாமி, பத்தடி போயித்தான் பாரம் கொறஞ்சதே தெரிஞ்சுது."

கேட் வரைக்கும்

பக்கத்தில் நின்ற அம்மாளும் அதைக் கேட்டார். இத்தனை மாதத்தில் இந்த விஷயத்தை அவரிடம் குப்புசாமி சொன்னதில்லை போலிருக்கிறது.  அம்மாள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய், மொபெட்டின் பின்சீட்டில் ஒருக்களித்து ஏறி உட்கார்ந்துவிட்டார். குப்புசாமி போய் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அம்மாள் எழுத்தைப் பார்த்து ஆட்டுவதுபோல் தலையை இடமும் வலமும் ஆட்டினார். வேறு வழியில்லாமல் அவர் முன்னால் ஏறினார். அம்மாள் வலது கையை அவர் தோளில் அழுத்தி வைத்தார். "இந்தக் கை இருந்தா நான் இருக்கறன்னு அர்த்தம், நீங்க ரோட்டப் பாருங்க" என்றார்.

வண்டி கிளம்பியது என்று சொல்வதா, நகர்ந்தது என்று சொல்வதா தெரியவில்லை. இடுப்புப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நான் கூடவே நடந்து போனேன், எனக்கு மூச்சுகூட வாங்கவில்லை. மருந்துக்கடைக்குப் போன ஒரு பாட்டி எங்கள் மூவரையும் தாண்டிப் போனார். கேட்டில் இடது பக்கம் திரும்ப வேண்டும். குப்புசாமி இரண்டு காலையும் தரையில் ஊன்றி, தோளில் கை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, அங்குலம் அங்குலமாகத் திருப்பினார். பாவாயி அம்மாள் ஆடவில்லை, அசையவில்லை. வளைவு முடிந்து நேராக ரோட்டுக்கு வந்த பிறகு, கணவரின் காதருகே குனிந்து சொன்னார்.

"ஏனுங்க, இந்த வேகத்துல எங்கக்கா ஊருக்குப் போயிச் சேர ராத்திரி ஆயிரும், நான் வேணா எறங்கி முன்னால நடந்து போயி நிக்கட்டுங்களா?"

இந்தத் தொழிலில் நான் கண்டது, தலை சுற்றுவது ஒருவருக்கு என்றாலும் பட்டை கட்டிப் பிடிக்க வேண்டியது பெரும்பாலும் கூட வந்தவரைத்தான்.