அக்ராவுக்குக் கொண்டுபோன மேளம்

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக நான் எங்கள் ஊர் அன்லோகாவில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது, மேளம் கொட்டி வரவேற்றவர் அக்பெகோ அண்ணன். அன்றிலிருந்துதான் பழக்கம்.

தலைநகர் அக்ராவில் அவர் மகள் டெலாலிக்குக் கல்யாணம். என்னையும் கூட்டிக்கொண்டு வெள்ளி கிளம்பி, சனி வாசித்துவிட்டு, ஞாயிறு திரும்புவதாகத் திட்டம்.

“மேளம் கொண்டு வர்றது அவளுக்குத் தெரியக்கூடாதுடா. அசந்துபோகணும்” என்றார்.

கல்யாண வாசலில் மேளத்தின் உறையை அவிழ்த்ததும் டெலாலி பதறி ஓடிவந்தாள்.

“அப்பா, தொடாதப்பா! இந்த ஊர்க்காரங்க சாமிக்கு விதை விதைச்சிருக்காங்க. ஒரு மாசம் அக்ராவுல மேளச் சத்தமே கூடாது.”

“கல்யாணத்துக்குமா?”

“சாவுக்கே கூடாதுப்பா!”

அண்ணன் ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. “இவ்ளோ பெரிய ஊரு, வாயைப் பொத்திக்கிட்டா இருக்கு?” என்றார்.

ஞாயிறன்று மணமக்களையும் பஸ்ஸில் ஏற்றினார். அக்ரா எல்லை தாண்டியதும் கொட்டத் தொடங்கியவர், ஊர்வரை நிறுத்தவில்லை.

இப்போதும் அன்லோகாவில்தான் வாசிக்கிறார்.