குணசுந்தரி மென்ற அரிசி

எங்கள் வீட்டில் இரண்டு பெண்களுக்கு இரத்தம் குறைந்திருந்தது. வைத்தியம் நடந்தது எனக்கு மட்டும். மற்றவள் குணசுந்தரி, என் ஓர்ப்படி. என் வீட்டுக்காரரின் அண்ணன் திருமலைக்கு வாழ்க்கைப்பட்டு எண்ணூரிலிருந்து திருவொற்றியூர்க் குப்பத்துக்கு வந்தவள். வந்து ஒன்பது வருஷம்; பிள்ளை இல்லை. நானோ வந்த மறுவருஷமே முழுகாமல் இருந்தேன். அரிசிக்கு ரேஷன் இருந்த காலம் அது.

பிரசவம் பார்க்கிற நர்ஸம்மா தேவப்பிரியம் என் கீழிமையை இழுத்துப் பார்த்தார். "வெளுத்துக் கிடக்கு. இப்படியே போனா பிரசவத்துல தாங்கமாட்டே. தினமும் முருங்கைக்கீரை, கேழ்வரகு. வாரத்துல ரெண்டு நாள் சுவரொட்டி. மீன் கூடை தூக்கக் கூடாது" என்றார்.

சுவரொட்டி என்றால் ஆட்டு மண்ணீரல். ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான். உள்ளங்கை அகலம் இருக்கும். காலடிப்பேட்டைக் கறிக்கடை கலீலுல்லா பாயிடம் குணசுந்தரி சொல்லிவைத்தாள். இவள் நல்ல மீனாக இரண்டு போடுவாள்; அவர் சுவரொட்டியை இலையில் கட்டிக் கொடுப்பார். மிளகு போட்டு வதக்கி, நான் தின்று முடிக்கிறவரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள்.

"நீயும் ஒரு துண்டு துன்னுக்கா."

"எனுக்கு இன்னா, வயித்துல புள்ளயா கீது? பேசாம முழுங்குடி."

என் கூடையையும் அவளே சுமந்தாள். கரையிலிருந்து வீடுவரை மணலில் நிற்காமல் நடக்கிறவள், இப்போது இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. முந்தானையில் அரிசியை முடிந்துவைத்து நாள் முழுக்க மென்றாள். மாமியார் கெங்கம்மா, "ரேஷன் அரிசிய எலி துன்னுதுன்னு பார்த்தா, இந்த எலிதானா?" என்று ஏசுவாள். நானும் சும்மா இருக்கவில்லை.

"அரிசி துன்னா கல்யாணத்துல மழ வரும்க்கா."

"எனுக்குத்தான் ஆயிப்போச்சே! இனிமே மழ வந்தா இன்னா, பொயலு வந்தா இன்னா?"

சிரித்தோம். இரத்தம் வற்றினவர்களுக்குத்தான் அரிசி மேலும் மண் மேலும் அப்படி ஆசை போகும் என்று நர்ஸம்மா பிற்பாடு சொன்னார்.

அவர் ஒருமுறை, "நீயும் கண்ணைக் காட்டு" என்று அவளைக் கூப்பிட்டார்தான். "நான் கல்லு மாதிரி கீறேன்மா" என்று கூடையை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டாள்.

எனக்கு ஆண் பிள்ளை பிறந்தது. நான் பிழைத்தேன். பதினோராம் நாள் பகலில், கூடையோடு வந்த குணசுந்தரி மணலில் சாய்ந்தாள். பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு நானும் ரிக்ஷாவில் ஏறினேன். என் மடியில் தலை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"மாசத்துல பாதி நாளு ரத்தம் போவுதுடி வேம்பு. ரெண்டு வருசமா. நீங்கல்லாம் கரைக்குப் போற நேரம் பார்த்து துணிய அலசிடுவேன்."

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா, இவ வயிறே கெட்டுப்போச்சுன்னு அவருக்கு வேற ஒருத்திய கட்டிடுவாங்க. அத்தகிட்ட சொல்லிடாத."

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டாள்.

காரியம் முடிந்த பிறகு நான் சொல்லிவிட்டேன். கெங்கம்மா மாரில் அடித்துக்கொண்டாள். "வாயத் தொறந்து சொல்லியிருந்தா நான் இன்னா தொரத்தியா வுட்டிருப்பேன்?" அவள் எர்ணாவூருக்குப் போய்த் திருமலைக்குப் பெண் கேட்டுவிட்டு வந்தது அந்த மாசம்தான்.

பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழித்துக் கூடை தூக்கி, காலடிப்பேட்டைக்குப் போனேன். கலீலுல்லா பாய்க்குச் சேதி தெரியாது.

"எங்கேம்மா குணசுந்தரி? அதுக்குன்னு எடுத்துவெச்சு எடுத்துவெச்சு வேற ஆளுக்குக் குடுத்துகினு கீறேன். ஒழுங்கா துன்னுதா? அது மூஞ்சி வெளுத்திருக்கறத பார்த்துத்தானே வேற யாருக்கும் தராம அதுக்கே குடுத்தேன்."

அத்தனை மாசமும் அவளுக்கென்று நினைத்தே கொடுத்திருக்கிறார். தின்றது நான்.