டீசல் வரிசையில் நின்ற வத்தகப்பழ லொறி

வெயிலில் கிடந்த வத்தகப்பழத்துக்கு ஒரு மணம் உண்டு. பச்சைக் கொடியும் புழுதியும் கலந்த மணம். லொறித் தட்டில் வைக்கோல் பரப்பிப் பழங்களை அடுக்கும்போது டீசல் மணமும் அதோடு சேர்ந்துகொள்ளும்...

எத்தனை தோய்த்தாலும் எங்கள் உடுப்பை விட்டு அது போகாது.

மன்னார்ப் பக்கம் உயிலங்குளத்தில் எங்களுக்கு இரண்டு லொறிகள் இருந்தன. தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து, கூலி வேலை செய்து, லீசிங்கில் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தவை. ஒன்றை என் கணவர் மரியதாஸ் ஓட்டுவார். மற்றதைச் செல்வராஜ் ஓட்டுவான். மலைநாட்டிலிருந்து வந்து எங்கள் பக்கம் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

நான் வீட்டில் போனும் கையுமாக இருப்பேன். எந்தத் தோட்டத்தில் எது முற்றிவிட்டது, தம்புள்ளைச் சந்தையில் இன்றைக்கு என்ன விலை, எந்த லொறி எங்கே நிற்கிறது... குழம்பைக் கிண்டிக்கொண்டே எல்லாம் பேசி முடிப்பேன். "மனேஜர் அம்மா" என்று மரியதாஸ் பகிடி பண்ணுவார். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

பிறகு நாடு முழுக்க டீசல் இல்லாமல் போன காலம் வந்தது.

கொண்டச்சியில் றவூப் நானா அந்த முறை காணி முழுக்க வத்தகை போட்டிருந்தார். எப்போதும் எங்கள் லொறியில்தான் ஏற்றுவார். ஒரு காலையில் போன் எடுத்தார்.

"தங்கச்சி, பழம் வெடிக்கத் தொடங்கிட்டுது. லொறி வருமட்டும் அது காத்துக்கொண்டு நிக்காது."

இரண்டு லொறியிலும் கிடந்த டீசலை ஒன்றில் விட்டால், கொண்டச்சியில் ஏற்றிக்கொண்டு மன்னார் டவுன் வரை வரலாம். டவுன் எண்ணெய் செட்டுக்கு டீசல் ஏற்றிய பவுசர் வருகிறது என்று கேள்வி. அங்கே டீசல் அடித்துக்கொண்டு தம்புள்ளைக்கு விடலாம் என்றார் மரியதாஸ். எனக்குப் பயம்தான். ஆனால் வேறு என்ன செய்வது...

ஏற்றினார்கள். வந்து வரிசையில் நின்றார்கள். பவுசர் அன்றைக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

தறப்பாளை மூடினால் பழம் உள்ளே வேகும். திறந்தால் வெயில் நேரே அடிக்கும். செல்வராஜ் மூடுவதும் திறப்பதுமாக நின்றான். நான் சோற்றுப் பார்சலோடு சைக்கிளில் போனபோது லொறிக்குக் கீழே ரோட்டில் ஈரம். றேடியேற்றர் ஒழுகுகிறது என்று நினைத்தேன். கிட்டப் போனால் சிவப்பு... அடியில் கிடந்த பழங்கள் வெடித்துச் சாறு வழிந்துகொண்டிருந்தது. ஈ மொய்த்தது.

கடைசியில், நானும் அங்கே நிற்கும்போதே பவுசர் வந்தது. வரிசை நகர்ந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் மட்டும் மிச்சம் நிற்க, டீசல் முடிந்துவிட்டது என்று செட்காரர் கையை விரித்தார்.

மரியதாஸ் இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டார்.

"நல்லதாப் பாத்து எடுங்கோ. பிள்ளையளுக்குக் கொண்டுபோங்கோ."

முதலில் எல்லோரும் தயங்கினார்கள். பிறகு ஒரு மனிசி வந்து எடுத்தாள். பிறகு வரிசை முழுக்க வந்தது. ரோட்டோரத்தில் குந்தியிருந்து சனம் பழம் வெட்டிச் சாப்பிட்டது. மரியதாஸ் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை.

பக்கத்து லொறிக்காரர் இரங்கித் தந்த ஒரு கலன் டீசலில்தான் வீடு வந்தோம்.

றவூப் நானாவிடம் நாங்கள் இரண்டு பேருமாகப் போய்ச் சொன்னோம். அவர் ஏசவில்லை. உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தார். ஏசியிருந்தால் எங்கள் மனம் ஆறியிருக்கும். அடுத்த போகம் அவர் ஒன்றும் விதைக்கவில்லை. இன்றுவரைக்கும் அந்தக் காணியில் ஆடுதான் மேய்கிறது.

பிறகு டீசல் வந்தது. ஆனால் கட்டுப்படியாகாத விலையில் வந்தது. டயர், பற்றரி, ஏற்றுக்கூலி எல்லாம் பின்னாலேயே ஏறின. வாடகையைக் கூட்டினால் தோட்டக்காரர் பாவம். கூட்டாவிட்டால் நாங்கள் பாவம். ஒரு லொறியின் டயரைக் கழற்றி மற்றதுக்குப் போட்டு ஓடினோம். பிறகு டயர் இல்லாத லொறியை விற்றோம். கடைசியில் மற்றதையும்...

செல்வராஜ் கட்டாருக்குப் போய்விட்டான். அங்கே தண்ணீர் லொறி ஓட்டுகிறான்.

இப்போது செட்டில் வரிசை இல்லை. போன உடனே டீசல் அடிக்கலாம். அடிக்க எங்களிடம் லொறி இல்லை. வெளியூர்க் கம்பனியின் குளிரூட்டி லொறிகள் தோட்டம் வரைக்கும் வருகின்றன. விலையை அவர்களே சொல்கிறார்கள். மரியதாஸ் அவர்களிடம் ட்றைவர் வேலை கேட்டுப் பார்த்தார். வயது கூடிவிட்டது என்றார்களாம். பெட்டி ஏற்றுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். என் போனுக்கு இப்போது கலியாணம் கட்டிப் போன மகளைத் தவிர யாரும் பெரிதாக எடுப்பதில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது செல்வராஜ் எடுத்தான். வீட்டுப் புதினம் எல்லாம் கேட்டான். கடைசியில் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அக்கா, திரும்ப லொறி எடுத்தீங்கன்னா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. அடுத்த ப்ளைட்லயே வந்துருவேன்."

ஓம் என்றேன்.

மரியதாஸ் முற்றத்தில் முதுகுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு இருந்தார். ஆர் எடுத்தது, என்னவாம் என்று கேட்டார்.

"செல்வராஜ். சும்மா, சுகம் கேட்டவன்" என்றேன்.