பிம் வீடு பழகிய கதை

எங்கள் வீட்டில் பகலில் குக்கர் விசில் அடிக்கக்கூடாது. ராட்டர்டாமில் இப்படியும் ஒரு சட்டமா என்று மலைத்துவிடாதீர்கள், சட்டம் போட்டது என் மகள் ஷெரின். கூடத்தில் ஓர் எலி தூங்குகிறது, அதனால் விசில் கூடாது. பருப்பை மூடி போட்ட பாத்திரத்தில் வைத்துவிட்டு, வேகும்வரை அடுப்புக்குக் காவல் நிற்கிறேன். நான் தூத்துக்குடியில், துறைமுகச் சரக்குக் கிட்டங்கிகளுக்குப் பின்தெருவில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் தெருவில் எலிப்பொறி இல்லாத வீடு கிடையாது. கிட்டங்கியில் மூட்டை இறங்கினால் போதும், பூனையே ஒதுங்கி வழிவிடும் அளவுக்குப் பெருச்சாளிகள் சாக்கடை ஓரமாக ஊர்வலம் வரும். விளக்குமாற்றோடு அவற்றைத் துரத்திய கை இது. அந்தக் கையால் இன்று ஓர் எலியின் தூக்கம் கெடாமல் மூடியைத் திறந்து மூடுகிறேன். என்னத்தைச் சொல்ல.

எலி என்று சொன்னால் ஷெரினுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஹாம்ஸ்டர் என்றுதான் சொல்ல வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் உருவம், காப்பி நிறம், இருக்கிறதா இல்லையா என்று தேடிப் பார்க்க வேண்டிய வால், கிடைத்த தீனியையெல்லாம் அடக்கி வைத்துக்கொள்ளக் கன்னத்தில் இரண்டு பைகள். பெயர் பிம். பெயர் நாங்கள் வைத்ததல்ல. அதை வளர்த்த பெரியவர் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டதால் பெயரோடும் கண்ணாடிக் கூண்டோடும் விலங்குக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஷெரின் எங்களுக்கு ஒரே பிள்ளை. இந்த வருடம் வீடு மாறியதில் பள்ளிக்கூடமும் மாறி, இருந்த இரண்டு தோழிகளையும் இழந்திருந்தாள். புதிய வகுப்பில் அவளிடம் யாரும் அதிகம் பேசுவதில்லை. "எங்கள் வீட்டுக்கு ஹாம்ஸ்டர் வரப்போகிறது" என்று அவள் சொன்ன அன்றுதான் நான்கு பிள்ளைகள் அவள் மேசையைச் சுற்றி நின்றார்களாம். அதைக் கேட்ட பிறகு நான் எந்த வாயால் வேண்டாம் என்று சொல்வேன்? என் கணவர் ஜெரோமைக் கேட்கவே வேண்டாம். அவர் கன்டெய்னர் முனையத்தில் கிரேன் பழுது பார்க்கிறவர். மகள் கேட்டால் கிரேனையே கழற்றிக்கொண்டு வந்துவிடுவார்.

இங்கே காசை நீட்டினால் பிராணியைத் தந்துவிட மாட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்களைப் போல முதலில் நம்மை விசாரிக்கிறார்கள். காப்பகத்தில் எங்களை விசாரித்தவர் வில்மா என்ற நெட்டையான பெண்மணி. பகலில் வீட்டில் யார் இருப்பீர்கள் என்று கேட்டார். எனக்கோ உற்சாகம் பொங்கிவிட்டது. "எப்போதும் ஆள் இருக்கும். டிவி ஓடும், பாட்டு ஓடும், ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் வருவார்கள். ஒரு நிமிடம்கூட அதைத் தனியாக விடமாட்டோம்" என்றேன். நம் ஊரில் இதைவிட நல்ல பதில் உண்டா? வில்மாவின் முகம் நான் சொல்லச் சொல்லச் சுருங்கிக்கொண்டே போனது. பகலில் தூங்குகிற பிராணிக்குச் சத்தமும் கூட்டமும் ஆகாது என்று எனக்கு அப்போது தெரியாது. ஷெரின் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். பிறகு அவளே டச்சில் படபடவென்று ஏதேதோ சமாதானம் சொல்லி என் பேச்சை மெழுகினாள். கடைசியில் வில்மா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். முதலில் பரீட்சார்த்தமாகக் கொண்டு போங்கள், வருகிற சனிக்கிழமை விட்டு அடுத்த சனிக்கிழமை நான் வீட்டுக்கு வந்து பார்ப்பேன், அது ஒழுங்காகச் சாப்பிட்டு, வெளியே வந்து நடமாடினால் உங்களுக்கு, பயந்து ஒளிந்தே கிடந்தால் என்னோடு திரும்பிவிடும்.

வாசல்வரை வந்து வழியனுப்பும்போது இன்னொன்றும் சொன்னார். "முதல் சில வாரங்களுக்குக் கூண்டைக் கழுவ வேண்டாம். அப்படியே இருக்கட்டும். நீங்கள் சிரமப்பட வேண்டாம்." இங்கேதான் நான் கோட்டை விட்டேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்தவர் "ஐயோ, ஒண்ணும் வேண்டாம்" என்றால் அடுத்த நிமிடம் அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் ஏறிவிடும். இலையைக் கையால் மறைத்தபடி "போதும்" என்றால் அந்தக் கையின் இடுக்கு வழியாக இன்னும் ஒரு கரண்டி சோறு விழும். வேண்டாம் என்று சொல்வது அவர்கள் மரியாதை, கேட்காமல் செய்வது நம் மரியாதை. இந்த அம்மாளும் மரியாதைக்குச் சொல்கிறார், பாவம், என்ன நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டேன். டச்சுக்காரர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

முதல் சில நாட்கள் நன்றாகவே போயின. சாயங்காலம் இருட்டத் தொடங்கியதும் மரத்தூளுக்குள்ளிருந்து மூக்கை நீட்டும், விதைகளைக் கன்னத்தில் திணித்துக்கொண்டு ஓடும். தூத்துக்குடியில் இருக்கும் ரோஸி அக்காவுக்கு வீடியோவில் காட்டினேன். அக்கா கொஞ்ச நேரம் வாயைப் பிளந்தபடி பார்த்தாள். "ஏளா, ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? இங்கன நாங்க எலிக்கு மருந்து வைக்கோம், அங்கன நீ எலிக்கு மெத்தை போடுத" என்றாள். அப்புறம் அவளே, "பார்க்க லெச்சணமாத்தான் இருக்கு. வந்தவுகளுக்கு ஏதாச்சும் செஞ்சியா? ஆள வரச் சொல்லிக் காமிச்சியா?" என்று கேட்டாள். அதுதானே, என்று எனக்கும் பட்டது. எங்கள் தெருவுக்குப் புதிதாக யார் வந்தாலும், பிறந்த பிள்ளையானாலும் கட்டி வந்த பெண்ணானாலும், தெருவே திரண்டு வந்து பார்க்கும். பார்க்க வராவிட்டால்தான் மனத்தாங்கல்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வாருங்கள் என்று எங்கள் கடற்கரையிலிருந்து இங்கே வந்து குடியிருக்கும் மூன்று குடும்பங்களுக்கும் சொல்லிவிட்டேன். ஆட்கள் வருகிற வீட்டைக் கழுவாமல் விட முடியுமா? சனிக்கிழமை கூடம், சமையலறை, எல்லாம் பளபளவென்று ஆயிற்று. கூண்டு மட்டும் நாறிக்கொண்டு மூலையில் நிற்பது எனக்குச் சகிக்கவில்லை. பிம்மை ஒரு வாளிக்குள் விட்டுவிட்டு, பழைய மரத்தூளையும் அது சேர்த்து வைத்திருந்த கந்தல் பஞ்சையும் அள்ளிப் பையில் கட்டிப் பால்கனியில் போட்டேன். கூண்டை டெட்டால் விட்டுத் தேய்த்துக் கழுவினேன். புதுத் தூள் பரப்பி, சாம்பிராணியும் போட்டேன். ஷெரின் நீச்சல் வகுப்பிலிருந்து வந்தபோது வீடே கோயில் மாதிரி மணத்தது. அவள் மட்டும் கூண்டின் முன் குனிந்து, புதுத் தூளுக்குள் பிம்மைத் தேடினாள்.

மறுநாள் வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. ஆலந்தலைக்காரரான ஸ்டெல்லா மதினி ஒரு பொட்டலம் முந்திரிப் பருப்பு கொண்டுவந்தார். "புது ஆளு வந்திருக்கு, சும்மாவா வாரது" என்றார். பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டினார்கள். பிம் வெளியே தலை காட்டவில்லை. "தூங்குதோ? எழுப்புங்க, எவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கோம்" என்றார் மதினி. விருந்தாளி முகம் வாடுவதைப் பொறுக்காத ஜெரோம் கையை உள்ளே விட்டு எடுக்கப் பார்த்தார். விரலில் நறுக்கென்று ஒரு கடி. கிரேன் கம்பிகளுக்கெல்லாம் அசராத மனிதர், "ஏளா, பஞ்சு கொண்டா" என்று ஓடினார். கூடமே சிரித்தது, நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஷெரின் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து பிம் வெளியே வரவில்லை. வைத்த விதை வைத்தபடியே கிடந்தது. முந்திரியை மோந்துகூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் விளக்கைக் குறைத்துவிட்டுக் காத்திருந்தால், மூலையில் தூளுக்கடியில் ஒரு நடுக்கம் மட்டும் தெரியும். செவ்வாய், புதன் போய் வியாழனும் வந்துவிட்டது. சனிக்கிழமை வில்மா வருவார். ஷெரின் சாப்பிடாமல் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். "கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்ம்மா. திங்கக்கெழமை போட்டோ கொண்டு வாரேன்னு சொல்லிருக்கேன். திருப்பிக் கொண்டு போயிட்டாங்கன்னு எப்படிச் சொல்லுவேன்?" என்று கேட்டாள். அப்புறம் குரலை இறக்கி, "அதுக்கு நம்ம வீடு பிடிக்கலம்மா" என்றாள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எலிக்காக அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டேனே என்று என் மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

அப்போது எனக்கு என் அப்பா நினைவுக்கு வந்தார். அப்பா கப்பல்காரர். மாதக்கணக்கில் கடலில் இருந்துவிட்டு வீடு திரும்புவார். அவர் வந்து இறங்கியதும் தெருவே எங்கள் வீட்டில் இருக்கும், சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் கைமாறும், அவர் எல்லாரையும் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருப்பார். அம்மா அதற்குள் அவர் பையைக் கவிழ்த்து, டீசல் நாறுகிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் சோடா போட்டு வெள்ளாவி வைத்துவிடுவாள். அதன் பிறகு சில நாட்கள் அப்பா ஒரு மாதிரியாகத்தான் இருப்பார். புதுத் துணி விரித்த கட்டிலில் உட்காருவார், எழுந்திருப்பார், சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருப்பார். யாரோ ஒருவர் வீட்டுக்கு வந்துவிட்டு எப்போது கிளம்பலாம் என்று பார்ப்பது போலத் தோன்றும். ஒரு முறை அம்மாவுக்குக் காய்ச்சல். பை கவிழ்க்கப்படவே இல்லை. அப்பா அதிலிருந்து, கப்பலில் போர்த்திக்கொள்ளும் அழுக்குப் போர்வையை எடுத்துத் தலையோடு மூடிப் படுத்தவர், பூசை மணி அடித்தும் எழவில்லை. எழுந்தபோது வீட்டு மனிதராக எழுந்தார். "பசிக்கு, என்ன இருக்கு?" என்று கேட்டார். அம்மா காய்ச்சலோடு சிரித்துவிட்டாள். அதற்கப்புறம் போர்வையை அவராகத் தரும்வரை அவள் தொட்டதில்லை. "கழுவத் தந்தாகன்னா வந்துட்டாகன்னு அர்த்தம்" என்பாள்.

நான் பால்கனிக்கு ஓடினேன். குப்பை எடுக்க வெள்ளிக்கிழமைதான் வருவார்கள், பை அங்கேயே இருந்தது. மூக்கைச் சுளித்துக்கொண்டே பையைப் பிரித்து, பழைய தூளில் இரண்டு கை அள்ளினேன். கந்தல் பஞ்சும் கிடைத்தது. அந்தப் பெரியவரின் வீட்டு நாற்றம்கூட அதில் இருந்திருக்குமோ என்னவோ. நான் தேய்த்துக் கழுவியது அழுக்கை அல்ல, பிம்முக்குத் தெரிந்த ஒரே இடத்தை. எல்லாவற்றையும் கூண்டின் மூலையில் பழையபடி வைத்துவிட்டு, முந்திரியை எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டு, கூண்டின் மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டேன். வாட்ஸ்அப்பில் ஊர்க்காரர்களுக்கு ஒரு செய்தியும் அனுப்பினேன்: இந்த ஞாயிறு எங்கள் வீட்டுக்கு யாரும் வர வேண்டாம். வாழ்க்கையில் முதல்முறை அப்படி எழுதுகிறேன். விரல் கூசியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷெரின் சமையலறைக்குள் ஓடி வந்து என் சேலையைப் பிடித்து இழுத்தாள். வாயில் விரலை வைத்தபடி கூட்டிக்கொண்டு போனாள். துண்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தோம். பிம் அந்தக் கந்தல் பஞ்சின் மேல் உட்கார்ந்து, கன்னம் இரண்டும் புடைக்க விதை தின்றுகொண்டிருந்தது. எங்களைப் பார்த்தது. பார்த்துவிட்டுத் தின்பதைத் தொடர்ந்தது. அவ்வளவுதான். ஷெரின் சத்தம் போடாமல் குதித்தாள், நானும் குதித்தேன், வேலை முடிந்து வந்த ஜெரோம் கதவருகில் நின்று காரணம் தெரியாமலேயே குதித்தார்.

மறுநாள் வில்மா வந்து வெகுநேரம் கூண்டருகே மண்டியிட்டுப் பார்த்தார். நான் கழுவியதை ஷெரின் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அம்மாவைக் காப்பாற்றத் தெரியாது. வில்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "வேண்டாம் என்று சொன்னேனே?" என்றார். எங்கள் ஊரில் வேண்டாம் என்றால் என்ன பொருள் என்று விளக்கினேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிம் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்தவரிடம் காப்பி குடிக்கிறீர்களா என்றேன். வேண்டாம் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து மறுபடி சிரித்துவிட்டு, "சரி, கொடுங்கள்" என்றார். திங்கட்கிழமை ஷெரின் போட்டோவோடு பள்ளிக்குப் போனாள். அந்த வாரமே இரண்டு பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, காலணியைக் கழற்றிவிட்டு, பிம்மின் தூக்கம் கெடாமல் கிசுகிசுவென்று பேசிவிட்டுப் போனார்கள்.

கிறிஸ்மஸுக்கு நானும் ஷெரினும் ஊருக்குப் போவதாக ஏற்பாடு. ஜெரோமுக்கு லீவு இல்லை, அவரும் பிம்மும் இங்கே. அக்கா போனில் கூப்பிட்டாள். "ஏளா, வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியாச்சு. ஒன் ரூம்ல கெடக்க தலகாணி, போர்வை எல்லாத்தையும் அலசிப் போட்டுருதேன். போன தடவை நீ போத்திட்டுப் போனது அப்படியே கெடக்கு" என்றாள்.

"யக்கா, வெள்ளையடிச்சுக்கோ. போர்வைய மட்டும் கழுவாத" என்றேன்.

"அழுக்கால்லா இருக்கு."

"இருக்கட்டும்க்கா. நான் வந்து தாரேன், அப்பங் கழுவு."

அக்காவும் அதே அப்பாவின் பிள்ளைதானே. "சரிளா, கழுவல" என்றாள்.

கிளம்புகிற நாள் காலையில் ஜெரோம் படுக்கை விரிப்புகளை உருவிச் சலவை இயந்திரத்தில் திணித்துக்கொண்டிருந்தார். என் தலையணை உறையை அவர் கையிலிருந்து பிடுங்கி மறுபடி தலையணையில் மாட்டினேன். நான் திரும்பி வருகிறவரை இதைத் துவைக்கக்கூடாது என்றேன்.

"அங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.

அவர் தலையணையைத் தட்டிக் கட்டிலில் என் பக்கம் வைத்தார். இனி நான் எந்த வீட்டில் படுத்தாலும், இன்னொரு வீட்டில் என் வாடையோடு ஒரு துணி துவைக்காமல் கிடக்கும்.