ஒட்டி வைத்த நாய்ப் பக்கம்

அந்தப் படப் புத்தகத்தில் மொத்தம் எட்டு மிருகங்கள். மாட்டுங்காவில் அம்மா பாத்திரம் தேய்க்கும் வீட்டு மாமி கொடுத்தது. "எங்காத்துக் கொழந்தை பாத்து முடிச்சுட்டான், உன் சின்னப் பொண்ணுக்கு எடுத்துண்டு போ" என்றாராம். ஒவ்வொரு படத்துக்கும் கீழே அது கத்தும் சத்தம் இங்கிலீஷில் எழுதியிருந்தது. தாராவியில் எங்கள் வீட்டில் அதைப் படிக்க ஆளில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும்.

படிக்கத் தேவையும் இருக்கவில்லை. தம்பி இருந்தான். ஒன்பது வயது. மூன்று வயதுத் தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்புவான். முதலில் அவள் கத்த வேண்டும், பதிலுக்கு அவன் கத்துவான், அப்புறம்தான் அடுத்த பக்கம். சிங்கம் இரண்டு பேருக்கும் சரியாக வராது. நாங்கள் எங்கே சிங்கத்தைப் பார்த்தோம்? நாய் மட்டும் தம்பிக்கு அப்படியே வரும்.

மே மாதம் தோல் கிடங்குப் பக்கம் ஒரு தெருநாய் அவனைக் கடித்தது. கணுக்காலில் இரண்டு பல் பட்ட தடம், அவ்வளவுதான். என்னிடம் மட்டும் காட்டினான்.

"எக்கா, அம்மாட்ட சொல்லிராத. அடிப்பா."

"நாய்ட்ட எதுக்குல போன?"

"நான் எங்க போனேன்? அதுதான் வந்துச்சு."

சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் குழைத்து வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

மழை தொடங்கியதும் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. தண்ணீரைப் பார்த்தாலே தொண்டை இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கேட்டபோது நாய் கடித்ததை அவனே சொன்னான். எனக்குத் தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை. நாய் கடித்தவன் கடைசியில் நாய் மாதிரிக் குரைப்பான், கிட்டே போகாதே என்று எங்கள் சால் வரிசை வீடுகளில் எல்லோரும் சொன்னார்கள். நான் கூடவே இருந்தேன். அவன் குரைக்கவில்லை. தண்ணீர் கேட்பான், கொண்டுபோனால் வேண்டாம் என்று கையை ஆட்டுவான். மூன்றாம் நாள் போய்விட்டான்.

அவன் எச்சில் பட்டதைச் சாப்பிட்டது யார் என்று டாக்டர் கேட்டார். ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள் நாங்கள். எனக்கும் தங்கச்சிக்கும் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. நடுவில் ஒருநாள் பெருமழை. ரோட்டில் இடுப்பளவு தண்ணீர், போக முடியவில்லை. மறுநாள் ஊசி போடுகிறவர், "ஏக் தின் பீ சோட்னா நஹீ, போலா தா நா?" என்று கத்தினார். ஒருநாள்கூட விடக்கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார். பதினாலும் போட்டு முடிந்தது. விட்டுப்போன அந்த ஒருநாள் மட்டும் என் வயிற்றுக்குள்ளேயே கிடந்தது.

புத்தகத்தில் இருந்த நாயை என்னால் பார்க்க முடியவில்லை. சோற்றை நசுக்கித் தடவி அந்தப் பக்கத்தை எதிர்ப் பக்கத்தோடு ஒட்டிவிட்டேன். எதிரில் இருந்த கழுதையும் சேர்ந்து போயிற்று.

"நாய் எங்க?" என்று தங்கச்சி கேட்டாள்.

"ஓடிப் போச்சு."

ஒரு மாதம் போயிருக்கும். மத்தியானம் தூங்கும் தங்கச்சியை விட்டுவிட்டுக் குழாயடியில் குடத்தோடு நின்றேன். எங்கள் வீட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"லொள், லொள்."

குழாயடியில் பேச்சு நின்றது. அடுத்த வீட்டு அத்தை குடத்தைக் கீழே வைத்தாள்.

"ஏட்டி, அது உன் தங்கச்சில்லா?"

"ஊசிதான் போட்டாச்சே," என்றாள் பின்னால் நின்றவள்.

"ஒருநா விட்டுப் போச்சுன்னு இவ அம்மதான சொன்னா? பிள்ளையள உள்ள கூப்பிடுங்கட்டி."

ஓடினேன். தங்கச்சி தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒட்டிய பக்கத்தைப் பிய்த்துப் பிரித்திருந்தாள். நாயின் ஒரு காது கிழிந்து கழுதை மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. படத்தைப் பார்த்துத்தான் கத்தினாள் என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவும் செய்தது. ஆனாலும் கை பானைக்குத்தான் போனது.

"தண்ணி குடி, மக்கா."

வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ஒரே ஒரு வாய்."

வேண்டாம் என்று கையை ஆட்டினாள். தம்பி ஆட்டிய மாதிரியே.

வாசலில் ஆறேழு பேர் வந்து நின்றார்கள். "குடிக்க மாட்டக்காளே," என்றாள் ஒருத்தி. "ஏட்டி, நீ வெளிய வா, கிட்ட நிக்காத," என்றாள் அத்தை.

டம்ளரை மறுபடி அவள் வாயருகே கொண்டுபோனேன். தங்கச்சி படத்தைக் கையால் தட்டினாள். என் முகத்தைப் பார்த்து "லொள்" என்றாள். பிறகு என் வாயையே பார்த்தாள். பதிலுக்குக் காத்திருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது.

அத்தனை பேருக்கு முன்னால் நான் குரைத்தேன். முதலில் காற்றுதான் வந்தது, பிறகு சத்தம்.

"அப்படி இல்ல," என்றாள். "அண்ணன் மாதிரி."

தொண்டை கிழியக் குரைத்தேன். அவள் பக்கத்தைத் திருப்பினாள். திருப்பிவிட்டு டம்ளரைப் பிடுங்கி மடமடவென்று குடித்தாள். மார்பெல்லாம் வழிந்தது.

"இப்ப ரெண்டும்லா கொரைக்கு!" என்று வாசலில் ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. உள்ளே வந்து பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு என்னிடம் நீட்டினாள்.

"நீயும் ஒரு வாய் குடி, பாப்போம்."

எல்லோரும் என் தொண்டையையே பார்த்தார்கள். அந்த முதல் வாயை வாயிலேயே எவ்வளவு நேரம் வைத்திருந்தேன் என்று தெரியாது. இறங்கியது.

இப்போதும் காலையில் எழுந்ததும் தங்கச்சிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பேன். குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவாள். பிறகு நான் குடிப்பேன். அம்மா அடுப்படியிலிருந்து பார்ப்பாள். எதற்கென்று கேட்க மாட்டாள். தம்பி கணுக்காலில் இருந்த அந்தத் தடத்தை முன்னாலேயே பார்த்ததை நானும் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.