கேட்காமல் நடந்த வழி

கவரைப்பேட்டையில் வால்வு கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை பார்க்கும் கிரேஸுக்கு யாரைப் பற்றியும் நல்லதாகச் சொல்லியே பழக்கம். அதுவே அவள் வழக்கைக் கவிழ்க்கப் பார்த்தது.

ஊர் விவசாயி சடையப்பனின் குடும்ப நிலத்தின் கடைசியில் அவளுடைய மாமனார் ஒரு மனை வாங்கி வீடு கட்டியிருந்தார். கிரேஸ் கல்யாணமாகி வந்த நாள் முதல் இருபத்தாறு வருஷமாக, சடையப்பனின் நிலத்து ஓரமாகத்தான் ரோட்டுக்குப் போய்வந்தார்கள். போன வருஷம் சடையப்பன் நிலத்தை விற்றார். வாங்கியவர் குடோன் கட்டச் சுவர் எழுப்பி வழியை அடைத்துவிட்டார். கிரேஸ் பொன்னேரி கோர்ட்டில் வழக்குப் போடக் கிளம்பினாள்.

"ஒரே நிலத்தைப் பிரிச்சு வித்து, வேற வழியே இல்லைன்னா, அவசியத்தால வர்ற பாத்தியம், அதாவது வழி உரிமைன்னு கேக்கலாம்," என்றார் வக்கீல் தமிழ்செல்வி. "ஆனா உங்க வீட்டுக்குப் பின்னாடி ஓடைக்கரை இருக்குதே. சேறுன்னாலும் வழி வழிதான். அதனால நீண்டகால அனுபவ பாத்தியம் கேப்போம். இருபது வருஷம் எல்லாரும் பார்க்க, உரிமையா நடந்திருக்கணும். அனுமதி வாங்கி நடந்தா செல்லாது."

கூண்டில் நின்ற கிரேஸிடம் எதிர்த்தரப்பு வக்கீல் இதமாகக் கேட்டார்: "சடையப்பன் எப்படிப்பட்டவரும்மா?"

"தங்கமானவருங்க. அவரு பெரிய மனசாலதான் நடந்துக்கினு இருந்தோம்."

"அப்போ அவர் அனுமதியோட நடந்தீங்க."

கிரேஸ் தன் வக்கீலைத் திரும்பிப் பார்த்தாள். "அனுமதின்னு எதுவும் கேக்கலைங்க," என்றாள் மெதுவாக.

அடுத்த வாய்தாவில் சடையப்பன் சாட்சிக்கு வந்தார். நிலத்தை விற்றவர், வாங்கியவர் பக்கம்தான் பேசுவார் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"நீங்க பாவம் பார்த்து விட்ட வழிதானே அது?" என்று கேட்டார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"நான் இன்னாத்துக்கு வுடணும்? அது அவங்க ஊட்டு வழி. அவங்க கேக்கவும் இல்ல, நான் குடுக்கவும் இல்ல. உழும்போதுகூட அந்த எட்டடிய நான் தொட்டதில்ல. நெலத்த வாங்குன இவருக்கும் அதக் காட்டித்தான் வித்தேன்."

கிரேஸ் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எட்டடி அகலத்துக்கு வழியைத் திறந்துவிட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. சுவரை இடித்த அன்று சாயங்காலம் அவளும் கணவன் ஜெரால்டும் சடையப்பன் வீட்டுக்குப் போனார்கள். கிரேஸ் வாசலிலேயே நின்று கைகூப்பினாள். சடையப்பன் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா. பார்த்ததைத்தான் சொன்னேன்."

உள்ளேயிருந்து டீ வந்தது. மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து குடித்தார்கள்.